நாற்பத்தஞ்சாவது வரி

மார்ச் 28, வெள்ளி

முதல் சென்சாரைக் காத்தாலயே கொன்னுட்டேன். என் கம்ப்யூட்டர் எண்பத்தேழுல வாங்குனது, அஞ்சு வோல்ட்டுல வேலை செய்யும். சூடு அளக்கற அந்தச் சென்சார் போன வாரம் கூரியர்ல வந்தது, அதுக்கு மூணேகால் வோல்ட்டுக்கு மேல ஆகாது. இது எனக்குத் தெரியாதா? பாலிடெக்னிக் லேப்ல முப்பத்தொரு வருசம் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சவன் நான். இருந்தும் கண்ணாடி போடாம கம்பியை மாத்திக் குத்திட்டேன். லேசா ஒரு கருகல் வாசம் வந்துச்சு, அவ்வளவுதான். நல்லவேளை ரெண்டு வாங்கியிருந்தேன்.

எதுக்கு இந்த வேலைன்னு எழுதி வெச்சுக்கறேன். என் சம்சாரம் துளசிமணி இருபத்திரண்டு வருசமாப் பட்டுப்புழு வளக்கறா. ரிட்டயர் ஆனதுக்கு அப்பறம் நான் அவளுக்கு எடுபிடி. போன ரெண்டு பேட்சும் போச்சு. கூடு கட்டற நேரத்துல பாதிப் புழு பால் புழுவாகி, உடம்பு வெளுத்து ஒழுகிச் செத்துது. சூடு இருபத்தெட்டு டிகிரிக்கு மேல எச்சானா அப்படித்தான் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க. நேத்துச் சோறு போட்டுக்கிட்டே துளசி சொன்னா: "இந்தத் தடவையும் போச்சுன்னா புழுவே வேண்டாமுங்க. மல்பெரியைப் புடுங்கிட்டுத் தென்னை வெச்சுரலாம்." கத்திச் சொல்லியிருந்தா நான் கண்டுக்க மாட்டேன். ரசம் ஊத்திக்கிட்டே சாதாரணமாச் சொன்னா, அதுதான் பயமா இருக்குது.

ஷெட்டுல இருந்த தெர்மாமீட்டர் போன வருசம் வெள்ளையடிக்கறப்ப ஒடஞ்சுது. யாரும் புதுசு வாங்கல, ஏன்னா துளசி இருக்கறா. புழு ஷெட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டுப் போகக்கூடாது, நோய் வந்துரும். வெறுங்காலோட உள்ள நாலு எட்டு நடந்தாலே அவ சூடு எவ்வளவுன்னு சொல்லிருவா. முந்தியெல்லாம் தெர்மாமீட்டரைக் கையில வெச்சுக்கிட்டு நான் வேணும்னே கேப்பேன். ஒரு டிகிரி கூடத் தப்புனதில்லை.

இருந்தாலும் ஒரு கருவியும் இருக்கட்டும்னு சொன்னேன். "உங்க பொட்டியைக் கொண்டாந்து வைக்கறதுக்கு ஒரு சாக்குங்க"ன்னா. அதுவும் உண்மைதான்.

மார்ச் 30, ஞாயிறு

பேசிருச்சு. மத்தியானம் ரெண்டரைக்குச் சென்சார் சொன்ன சூடு, கம்ப்யூட்டருக்குத் திரையா வெச்சிருக்கற டிவியில 31ன்னு வந்துச்சு. நான் சென்சாரைக் கைக்குள்ள பொத்திப் புடிச்சேன், 33, 34ன்னு ஏறுச்சு. கொஞ்ச நேரம் அதையே பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். அறுபத்துநாலு வயசுல இது ஒரு விளையாட்டு.

பழைய கம்ப்யூட்டருக்குச் சென்சார் பேசற வேகம் புடிபடாது. அதனால நடுவுல தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு வெச்சேன். அது சென்சார்கிட்டக் கேட்டு, பதிலை எட்டுக் கம்பியில நிறுத்தி வெச்சுரும். கம்ப்யூட்டர் சாவகாசமா வந்து எடுத்துக்கும். வோல்ட் தகராறையும் அந்தப் போர்டே பாத்துக்குது. கம்ப்யூட்டரும் பதினாலு இஞ்ச் டிவியும் ஷெட்டு முன் அறையில இருக்குது. நடுவுல இருக்கற கண்ணாடி ஜன்னல் வழியா ஷெட்டுக்குள்ள இருந்தே பாக்கலாம். ஒவ்வொரு நம்பரும் உள்ளங்கை அகலத்துக்கு வர்ற மாதிரி புரோகிராம் எழுதியிருக்கேன்.

சாயங்காலம் திருப்பூர்ல இருந்து மக சுகந்தி பேசுனா. போன்லயே பாக்கற மாதிரி ரெடிமேடா விக்குதாம். "எதுக்குப்பா அந்த டப்பாவோட மல்லுக்கட்றீங்க?"ன்னு கேட்டா. துளசிக்குக் கிட்டப்பார்வை சரியில்ல, போன்ல இருக்கறது தெரியாது, ஷெட்டுல சிக்னல் கிடையாது, அது இதுன்னு நாலு காரணம் சொன்னேன். அஞ்சாவது காரணத்தைச் சொல்லல. எனக்கு ஆசை, அதுதான்.

புரோகிராமைக் கேசட்டுல முதல் பக்கத்துல பதிஞ்சாச்சு. கரண்டு போனா இந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துரும், மறுபடியும் கேசட்டை ஓட்டித்தான் ஞாபகப்படுத்தோணும்.

ஏப்ரல் 2, புதன்

இளம்புழு வந்திருச்சு. ரெண்டு தோல் உரிச்ச புழு, அரிசி நீளம்தான் இருக்குது. துளசி தட்டு மேல குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தா. "நல்ல சுறுசுறுப்புங்க"ன்னா. இலை வெட்ட வர்ற மயிலாத்தாளும் கூட நின்னு அடுக்குல எடுத்துப் பரப்புனாங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ராத்திரிச் சாப்பாடு உப்புமா, அதுவும் நான் கிண்டுனது, யாரும் குறை சொல்லல.

ஏப்ரல் 3, வியாழன்

மத்தியானம் டிவியில 31. துளசி உள்ள நாலு எட்டு நடந்துட்டு, "இருபத்தேழு இருக்குமுங்க, தரை சில்லுன்னு இருக்குது"ன்னா.

நான் டிவியைக் காட்டுனேன். அவ டிவியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "உங்க பொட்டிக்கு வயசாயிருச்சு"ன்னுட்டு இலை போடப் போயிட்டா.

கம்பி இருபதடி நீளம். நடுவுல எங்கயாச்சும் கோளாறு வரலாம். நாளைக்குப் பாக்கோணும்.

ஏப்ரல் 4, வெள்ளி

கம்பியை மாத்தியாச்சு. கனெக்டரைப் பென்சில் ரப்பர் போட்டுத் தேச்சாச்சு. மறுபடியும் 31. அவ மறுபடியும் 27.

ஒரு டம்ளர்ல ஐஸைப் பொடிச்சுப் போட்டுத் தண்ணி ஊத்தி, சென்சாரைப் பிளாஸ்டிக் பையில சுத்தி முக்கிப் பாத்தேன். சுத்தமாச் சைபர் காட்டுச்சு. அப்பறம் முந்தி சுகந்திக்குக் காய்ச்சல் பாக்க வாங்குன தெர்மாமீட்டரை அலமாரியில தேடி எடுத்து, அதையும் இதையும் ஒண்ணா அக்குள்ல வெச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி காட்டுச்சு. சரி, ஐஸ்லயும் அக்குள்லயும் ஒழுங்காத்தான் இருக்குது. ஆனா புழு ஷெட்டு ஐஸும் இல்ல, அக்குளும் இல்ல. அங்க காத்து, ஈரம், இலை எல்லாம் இருக்குது. ஒரு கருவி ஒரு எடத்துல சரியாவும் இன்னொரு எடத்துல தப்பாவும் காட்டலாம். இருபத்திரண்டு வருசம் தப்பாத கால் அவளோடது. ரெண்டுல எதைத் திருத்தறதுன்னு கேட்டா, பொட்டியைத் திருத்தறதுதான் நியாயம்.

புரோகிராம்ல நாற்பத்தஞ்சாவது வரின்னு ஒண்ணு சேத்தேன். வர்ற நம்பர்ல இருந்து நாலைக் கழிச்சுரும். எதுக்காகக் கழிக்கறோம்னு பிற்பாடு குழம்பக்கூடாது, அது லேப்ல நானே போட்ட விதி. அதனால நாற்பத்துநாலாவது வரியில ஒரு குறிப்பு எழுதுனேன். குறிப்பு வரியைக் கம்ப்யூட்டர் கண்டுக்காது, படிக்கற மனுசனுக்கு மட்டும்தான் அது. இங்கிலீஷ் எழுத்துல துளசின்னு போட்டேன். புதுப் புரோகிராமைக் கேசட்டோட ரெண்டாவது பக்கத்துல பதிஞ்சாச்சு.

சாயங்காலம் அவ டிவியைப் பாத்துட்டு, "இப்பத்தான் உங்க பொட்டிக்குப் புத்தி வந்திருக்குது"ன்னா. சந்தோசமா இருந்தா. எனக்கும் சந்தோசம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புழு மூணாவது தோல் உரிக்குது. தலையைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்குது. சுண்ணாம்பு தூவியாச்சு. இலை கிடையாது, யாருக்கும் வேலை கிடையாது. மூக்குல சுண்ணாம்பு ஏறித் தும்மிக்கிட்டே இருக்கேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெய்யில் ஏறிக்கிட்டே போகுது. மத்தியானம் டிவியில 29. அவகிட்டக் கேட்டேன், 27ன்னா. காத்தால கேட்டப்பவும் 27. நேத்தும் 27.

போர்வெல் மோட்டார் சரியா ஓடுதான்னு பாக்கறதுக்காக ஓஸைக் கூரை மேல போட்டுத் தண்ணி உட்டேன். அரை மணி நேரம் ஓடுச்சு. கூரை நல்லா நனஞ்சுது. மோட்டார் நல்லாத்தான் ஓடுது.

ஜன்னல்ல கட்டியிருக்கற சாக்கு ரொம்பத் தூசியா இருந்துச்சு. அலசறதுக்காக நனைச்சேன். அப்படியே ஈரத்தோட கட்டிட்டேன்.

நம்பர் கீழ எறங்குச்சு. ரொம்ப எறங்கி 23ன்னு வந்துச்சு. துளசி பதறிப்போய், "புழு வெறைச்சுரும், ஜன்னலைச் சாத்துங்க"ன்னு ஓடுனா. நான் முன் அறைக்கு ஓடிப்போய் அந்த நாலை ஒண்ணாக்குனேன். டிவியில 26ன்னு வந்ததும் நின்னுட்டா. "உங்க பொட்டி என்னங்க நிமிசத்துக்கு ஒண்ணு சொல்லுது?"ன்னா. கம்பி லூசுன்னு சொன்னேன். இன்னைக்கு மட்டும் நாற்பத்தஞ்சாவது வரி மூணு தடவை மாறியிருக்குது. கடைசியா மறுபடியும் நாலுலயே உட்டுட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஷெட்டுத் தரையில பொட்டுப் பொட்டா ரத்தம். மயிலாத்தாள் கையை அறுத்துக்கிட்டாளோன்னு பாத்தா அவ நல்லா இருக்கறா. பொட்டைப் பாத்துக்கிட்டே போனா, ஒவ்வொரு பொட்டும் துளசி நடந்த தடத்துலயே போகுது. அவளை உக்காரச் சொல்லிக் காலைத் தூக்கிப் பாத்தேன். உள்ளங்கால்ல அரை இஞ்சுக்கு ஒரு கிழிசல், உள்ள ஒரு மல்பெரிக் குச்சி முனை ஒடஞ்சு கெடக்குது. கவாத்துப் பண்ணுன கட்டை மேல எங்கயோ மிதிச்சிருக்கறா.

"எப்பக் குத்துச்சு?"ன்னு கேட்டேன். "தெரியலைங்க"ன்னா. அப்பறம், "வேலை மும்முரத்துல யாரு பாக்கறா"ன்னா.

உண்மைதான், மும்முரத்துல தெரியாது. உடுமலைக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வந்தேன். சக்கரை மாத்திரை தீந்து போச்சுன்னு வர்ற வழியில மெதுவாச் சொல்றா. தீந்து எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டேன். பஸ் ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே வந்தா.

ஏப்ரல் 12, சனி

நாலாவது தோல். இதுதான் கடைசி. இதுக்கு அப்பறம் ஒரு வாரம் வெறி புடிச்ச மாதிரி திங்கும். இன்னைக்கு ஷெட்டு அமைதி. மத்தியானம் துளசி அரிசியும்பருப்பும் பண்ணுனா, நெய் ஊத்தித் தயிரோட சாப்பிட்டோம். அப்பறம் கூடத்துல ஃபேனுக்கு அடியில பாயைப் போட்டு ரெண்டு பேரும் படுத்தோம். "புழு நல்லா வந்திருக்குதுங்க. சீராத் தூங்குது. போன ரெண்டு தடவையும் இப்படித் தூங்கல"ன்னா. அவ தூங்குனதுக்கு அப்பறம் எந்திரிச்சுப் போய் மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. கண்ணாடி முன்னால மாம்பழம், பலா, பூவெல்லாம் வெச்சுக் காத்தால கண் முழிச்சோம். துளசி ஒரு தட்டுல நாலு புழுவையும் வெச்சிருந்தா. "அதுகளும் முழிக்கட்டும்"ன்னா.

மத்தியானம் நிஜச் சூடு 33. பொய்ச் சூடு 29. தண்ணி உட்டு உட்டு நிஜத்தை 28க்குக் கொண்டாந்தேன். இப்படி ரெண்டு நம்பரையும் எழுதக்கூடாதுன்னு இருந்தேன். எழுதிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 16, புதன்

பல்லடத்துல, எங்க சொந்தத்துல, ஒறம்பரைக் கல்யாணம். நான் மட்டும் போய்ட்டு வந்தேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு. வந்து பாத்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. சாக்கெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சிருந்துச்சு. நான் நனைக்கல.

துளசி சீக்கிரமே படுத்துட்டா.

ஏப்ரல் 17, வியாழன்

காத்தால இலை போட்டு, காபி குடிச்சு முடிச்சதுக்கு அப்பறம் துளசி முன் அறைக்கு என்னைக் கூப்பிட்டா. டிவியில நம்பர் இல்லை. புரோகிராம் வரி வரியா நின்னுச்சு.

"ஏனுங்க, இதுல என் பேரு எதுக்குங்க இருக்குது?"

நாற்பத்துநாலாவது வரி மேல வெரலை வெச்சிருந்தா. பேங்குல இங்கிலீஷ்லதான் கையெழுத்துப் போடுவா, அவ பேரு அவளுக்குத் தெரியாதா? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவளே நேத்து நடந்ததைச் சொன்னா. அவ சொன்னபடியே எழுதறேன்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்டு போயிருக்குது. பத்து நிமிசத்துல வந்துருச்சு, ஆனா டிவியில நம்பர் வரல. சிக்னலுக்காக வெளிய வந்து எனக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்கறா. என் போன் பையில, பை மண்டபத்து ஓரத்துல. சரின்னு அவளே கேசட்டைப் போட்டு ஓட்டியிருக்கறா. தினமும் நான் பண்றதைப் பாக்கறாளே, எந்த சாவி எதுக்குன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்குது. ஆனா போட்டது முதல் பக்கம். நான் கழிக்கறதுக்கு முன்னாடி பதிஞ்ச பக்கம். டிவியில 34ன்னு வந்திருக்குது.

"பொட்டி கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சனுங்க. தரை எனக்குச் சில்லுன்னுதான் இருந்துச்சு. அப்பறம் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். முப்பதுன்னு வந்துச்சு. அதே பொட்டி, அதே கம்பி, அதே நேரம். ரெண்டுல எது பொய்யின்னு எனக்குத் தெரியல. மயிலாத்தாளைக் கூப்பிட்டு உள்ள நிக்கச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"காலே வெக்க முடியலைங்கக்கா, கொதிக்குதுன்னு வெளிய ஓடி வந்துட்டா. நான் அதே எடத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

அதுக்கு அப்பறம் ரெண்டு பேருமாச் சாக்கை நனைச்சு, கூரைக்குத் தண்ணி உட்டு, மூணு மணி வரைக்கும் நின்னிருக்கறாங்க. வேலை முடிஞ்சதும் துளசி உக்காந்து புரோகிராமை முதல் வரியில இருந்து பாத்திருக்கறா. மத்ததெல்லாம் புரியல. அவ பேரு புரிஞ்சுது. அதுக்குக் கீழ ஒரு கழித்தல் குறியும் நாலும் புரிஞ்சுது.

"என் பேரை எழுதி, அதுக்குக் கீழ நாலைக் கழிச்சிருக்கறீங்க"ன்னா. "நான் சொன்னதை நம்பித்தான பொட்டியைத் திருத்துனீங்க? அப்படித்தானுங்க?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அவளும் அதைத்தான் கேட்டா, எனக்குத் தெரியுது. வாய் வரைக்கும் வந்துருச்சு.

"இல்ல துளசி. பொட்டி சரின்னு எனக்கு மறுநாளே தெரியும். ஐஸ்ல வெச்சுப் பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க?"

"உங்கிட்டச் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

என்ன பயம்னு அவ கேக்கல, ஆனா நான் சொன்னேன். அந்தக் காலு தப்புன்னு நான் சொல்லிட்டா, போன ரெண்டு பேட்சும் எதனால போச்சுன்னு அவளே கணக்குப் போட்டுருவா. அதைச் சொல்ற வாய் என் வாயா இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். அவ புழுவை உட்டுட்டு, அந்தத் தென்னைக்கு நடுவுல சும்மா உக்காந்திருக்கறதை நெனச்சாலே எனக்கு வெசனம் புடிச்சுக்குது. இதையெல்லாம் நான் இவ்வளவு கோர்வையாச் சொல்லல. முன்னுக்குப் பின்னாச் சொன்னேன்.

துளசி கொஞ்ச நேரம் விசைப்பலகை மேல இருந்த சுண்ணாம்புத் தூளை வெரலால தொடச்சுக்கிட்டு இருந்தா.

"எனக்குப் போன ஆடியில இருந்தே தெரியுமுங்க. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது. செருப்புக் கழண்டு விழுந்தாத் தெரியறதில்ல, திரும்பிப் பாத்துத்தான் தெரியும். சூடு கேட்டீங்கன்னா என்ன சொல்றது? இருபத்தேழுன்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க, அதையே சொல்லிட்டு இருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஷெட்டுல எனக்கு என்னங்க வேலை? இலை வெட்ட மயிலாத்தாள் இருக்கறா. மத்ததுக்கு நீங்க இருக்கறீங்க. சூடு பாக்கறது ஒண்ணுதான் நான்." அழுதா. சத்தம் வரல, மூக்கு மட்டும் செவந்துபோச்சு. "ரெண்டு பேட்ச் புழுவை நாந்தானுங்க கொன்னேன்."

நான் இல்லைன்னு சொல்லல. சொல்லியிருந்தா அதுவும் இன்னொரு நாற்பத்தஞ்சாவது வரி. பக்கத்துல உக்காந்து தோளைப் புடிச்சுக்கிட்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல பகல்ல, கதவு தொறந்து கெடக்க, இப்படி உக்காந்ததில்லை. மயிலாத்தாள் இலைக் கட்டோட வந்து எட்டிப் பாத்துட்டு, வந்த வழியே போயிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சுத் துளசியே முந்தானையில மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டா. "ஒரு வாரமா மோட்டார் செக் பண்ற மனுசனை நான் எங்கயும் பாத்ததில்லைங்க. சாக்கைத் தெனமும் அலசற மனுசனையும் பாத்ததில்ல. எனக்கு அப்பவே சந்தேகம்தான்"ன்னா. சிரிச்சுட்டா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

"இப்ப இதை அழிச்சுர்றேன்"னு விசைப்பலகையை இழுத்தேன்.

"என் பேரு இருக்கட்டும். கீழ இருக்கறதை எடுங்க"ன்னா.

ஏப்ரல் 18, வெள்ளி

45 போச்சு. 44 இருக்குது. மத்தியானம் 32ன்னு டிவி சொன்னதும், நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே துளசி போய் மோட்டாரைப் போட்டா. நம்பர் எறங்கறதை ரெண்டு பேரும் நின்னு வேடிக்கை பாத்தோம். 26க்கு வந்ததும் "போதுமுங்க, நிறுத்துங்க"ன்னா. இன்னைக்கு எனக்குக் காலு வலியே இல்ல, ஓடி ஒளியற வேலை இல்லாததால.

ஏப்ரல் 19, சனி

மேக்கோரத்து அடுக்குல பதினேழு பால் புழு. புதன்கிழமைச் சூடு பட்டதா இருக்கும். துளசி ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சுண்ணாம்புத் தண்ணியில போட்டா. பதினேழோட நின்னாச் சரி. ரெண்டு பேரும் மத்தியானம் சரியாச் சாப்பிடல.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாலு.

ஏப்ரல் 21, திங்கள்

இன்னைக்கு ஒண்ணும் இல்லை. புழுவெல்லாம் உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, இலையை உட்டுட்டுத் தலையை ஆட்டுது. கூடு கட்டற பிளாஸ்டிக் வலையெல்லாம் விரிச்சு உட்டாச்சு. ஏறிக்குதுக. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு ஒத்தாசைக்கு வந்தாங்க. டிவியைப் பாத்துட்டு, "பழைய சினிமாப் பொட்டியாட்ட இருக்குது, இதுலயா பாக்கறீங்க?"ன்னு சிரிச்சாங்க. துளசி முந்திக்கிட்டுச் சொன்னா: "எனக்குக் காலு மரத்துப்போச்சு. இனிமே அதுதான் சொல்லும்." சாதாரணமாத்தான் சொன்னா. இந்தத் தடவை எனக்குப் பயமா இல்ல.

ஏப்ரல் 23, புதன்

புழு கூடு கட்டறப்ப நமக்கு ஒரு வேலையும் இல்ல. உடுமலைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு நர்ஸம்மா துளசியைக் கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு, நைலான் நூல் ஒண்ணை வெச்சு உள்ளங்கால்ல தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. நூல் படறப்பெல்லாம் 'படுது'ன்னு சொல்லோணும்.

துளசி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "படுது"ன்னா. கொஞ்சம் உட்டு மறுபடியும் "படுது"ன்னா.

"அம்மா, நான் இன்னும் தொடவே இல்லைங்க"ன்னாங்க நர்ஸம்மா.

துளசி கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்தா. பரிச்சையில மாட்டுன புள்ள மாதிரி இருந்துச்சு மூஞ்சி. அப்பறம் ஒழுங்காப் பண்ணுனாங்க. ஒவ்வொரு கால்லயும் பத்து எடம். வலது கால்ல மூணு எடம், இடது கால்ல நாலு எடம் தெரியுது. போன உணர்ச்சி திரும்பி வர்றது கஷ்டம், இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. சக்கரையைக் கட்டுக்குள்ள வெக்கோணும். வெறுங்கால்ல நடக்கவே கூடாது, ஷெட்டுக்குள்ளயும்தான். தினமும் ஒருத்தர் உள்ளங்காலைப் பாக்கோணும், காயம் இருந்தா அவளுக்குத் தெரியாது, அதனால.

வர்ற வழியில செருப்புக் கடையில துளசியே பேரம் பேசி மூணு ஜோடி ரப்பர் செருப்பு வாங்குனா. ஷெட்டுக்குள்ள மட்டும் போடறதுக்கு. அவளுக்கு, எனக்கு, மயிலாத்தாளுக்கு. வெளிய போட்டுக்கிட்டுப் போனா காலை ஒடச்சுருவேன்னு எங்கிட்டச் சொல்றா.

ஏப்ரல் 27, ஞாயிறு

கூடு எடுத்தாச்சு. துளசி ஒரு கூட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தா, வெரலால அமுக்கிப் பாத்தா, கல்லு மாதிரி இருக்குது. கை வெரல் நல்லாத்தான் இருக்குது அவளுக்கு. மேக்கோரத்துல கொஞ்சம் மெலிசு. மத்தபடி கூடம் முழுக்க வெள்ளை வெளேர்னு குவிஞ்சு கெடக்குது, நடக்க எடமில்ல. மயிலாத்தாள் நாலு கூட்டை எடுத்துத் தலையில பூவாட்ட வெச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"அடுத்த பேட்சுக்கு எப்பங்க சொல்லி உடறது?"ன்னு துளசி கேட்டா. மே கடைசின்னு சொன்னேன். தென்னையைப் பத்தி ரெண்டு பேரும் பேசல. "அதுக்குள்ள இன்னொரு சென்சார் வாங்குங்க, மேக்கோரத்துக்கு"ன்னா.

சாயங்காலம் பொழுதோட கட்டில்ல உக்காந்து காலை நீட்டச் சொன்னேன். கூச்சப்பட்டா. "புருசங்காரன் பொண்டாட்டி காலைத் தூக்கிப் பாக்கறதாவது, யாராச்சும் பாத்தா என்னங்க நெனப்பாங்க"ன்னு சேலையை இழுத்து மூடிக்கிட்டா. டாக்டர் சொன்னதுன்னு சொன்னேன். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நீட்டுனா. வெளக்கைக் கிட்ட வெச்சுப் பாத்தேன். வெரலுக்கு நடுவுல, குதிகால், ஓரம் எல்லாம். ரெண்டு காலும் சுத்தம்.

ஏப்ரல் 28, திங்கள்

ரெண்டு காலும் சுத்தம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இடது பெருவெரல் ஓரத்துல செருப்பு வார் பட்டுச் செவந்திருக்குது. சொன்னேன். பஞ்சு வெச்சுக் கட்டிக்கிட்டா.

ஏப்ரல் 30, புதன்

செவப்புக் கொறஞ்சிருக்குது. இன்னைக்கு அவளாவே காலை நீட்டுனா, முந்தி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கல. சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா.

மே 1, வியாழன்

சுத்தம். மாம்பழம் சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்டக் கேக்கச் சொல்றா. கேட்டா என்ன சொல்லுவாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

மே 2, வெள்ளி

சுத்தம்.

மே 3, சனி

வலது குதிகால்ல ஒரு முள்ளு, நல்லா ஆழம். அவ சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா, முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. ஊசியால மெதுவா எடுத்தேன், ரத்தம் வந்துச்சு, மருந்து வெச்சேன். அப்பவும் அவளுக்குத் தெரியல.

சொன்னேன்.